ஜூலி மாஸின் கடைசி அரைக் கிலோமீட்டர்: 1982 அயர்ன்மேன் போட்டி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1982-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், ஹவாயின் பெரிய தீவிலுள்ள கைலுவா-கோனா என்னும் கடலோரச் சிற்றூரில் நடைபெற்ற, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் செய்து முடிக்க வேண்டிய அயர்ன்மேன் டிரையத்லான் போட்டியில், பெண்கள் பிரிவில் முன்னிலையில் வந்துகொண்டிருந்த ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி, முடிவுக்கோட்டிற்குச் சில நூறு மீட்டர் எஞ்சியிருந்தபோது கால் மடங்கிக் கீழே விழுந்தார். எழுந்து சில அடி நடந்தார்; மறுபடியும் விழுந்தார். இப்படி விழுவதும் எழுவதுமாகக் கோட்டிற்குச் சில மீட்டர் தொலைவு வரை வந்துவிட்ட பின், எழவே முடியாமல் தரையில் கிடந்த நேரத்தில், பின்னால் ஓடி வந்த கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து 11 மணி 9 நிமிடம் 40 நொடியில் போட்டியை முடித்தார். மாஸ் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து 11 மணி 10 நிமிடம் 9 நொடியில் கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே 29 நொடி.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நிகழ்வு மனவுறுதியின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. அந்த மனவுறுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அப்படி மட்டுமே சொல்லும்போது, கடைசிச் சில நிமிடங்கள் திரை முழுவதையும் நிறைத்துக்கொள்ள, அவற்றுக்கு முந்தைய பதினொரு மணி நேரம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. வேலைக்கும் குடும்பத்திற்கும் நடுவே நேரம் பிடித்துப் பயிற்சி செய்து இத்தகைய போட்டிகளுக்குப் போகும் அமெச்சூர் வீரருக்குப் பயன்படுவது அந்தப் பதினொரு மணி நேரம்தான். ஏறத்தாழ 226 கிலோமீட்டர் தாங்கிய உடல் கடைசி அரைக் கிலோமீட்டரில் ஏன் கைவிட்டது, அது திடீரென நேர்ந்ததா அல்லது நண்பகலிலேயே தொடங்கிவிட்டதா, விழுந்தவரைச் சுற்றி நின்றவர்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்பவையே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்விகள்.

போட்டியும் அதன் தூரங்களும்

அயர்ன்மேன் போட்டியின் தூரங்கள் உடலியல் கணக்கு எதையும் வைத்து வகுக்கப்பட்டவை அல்ல. ஓவாஹு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த வைக்கீக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பயணம், ஹொனலூலு மாரத்தான் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் இடைவிடாமல் செய்து முடித்தால் என்ன என்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் யோசித்ததன் விளைவு அது. சைக்கிள் பயணம் அதுவரை இரண்டு நாளில் செய்யப்பட்டு வந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 3.86 கிலோமீட்டர் நீச்சல், 180.2 கிலோமீட்டர் சைக்கிள், 42.195 கிலோமீட்டர் ஓட்டம் என்ற வரிசை அப்படித்தான் அமைந்தது. 1978 பிப்ரவரி 18 அன்று நடந்த முதல் போட்டியில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் வென்றார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு மாரத்தானின்போது உதவியாளர்களிடமிருந்த தண்ணீர் தீர்ந்துபோய், பீர் கொடுத்து ஓடவைத்தார்கள் என்பது இன்று வேடிக்கையாகச் சொல்லப்படுகிறது. பதினொரு மணி நேரத்திற்கு மேல் நீளும் போட்டியில் எதை, எவ்வளவு, எப்போது உட்கொள்வது என்பதில் அன்றைய அறிவு எந்த அளவில் இருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

1979-இல் லின் லெமேர் இப்போட்டியை முடித்த முதல் பெண் ஆனார். 1981-இல் வலேரி சில்க்கின் பொறுப்பில் போட்டி ஓவாஹுவிலிருந்து பெரிய தீவுக்கு மாற்றப்பட்டது. போக்குவரத்து நெரிசலிலிருந்து விடுபட்டாலும், புதிய பாதை நிழலற்ற எரிமலைப் பாறைவெளியின் நடுவே குயின் காஅஹுமானு நெடுஞ்சாலையில் நீண்டது. கறுத்த பாறை வெயிலை உள்வாங்கித் திரும்ப உமிழும். கடலோரத்தில் பக்கக் காற்று சைக்கிளைத் தள்ளும். 1982 பிப்ரவரிப் போட்டியில் 500-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். பரிசுத்தொகை என ஒன்று கிடையாது. கோனாவில் அது முதன்முதலாக வழங்கப்பட்டது 1986-இல்தான். ஆகவே ஆண்கள் பிரிவில் அன்று வென்ற ஸ்காட் டின்லி உட்பட யாரும் அந்தப் போட்டியிலிருந்து காசு பார்க்கவில்லை. எனினும் அவர்களுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. டின்லியும் அவருடன் போட்டியிட்ட டேவ் ஸ்காட்டும் ஆண்டு முழுவதும் பயிற்சியிலேயே கிடந்தவர்கள். மாஸ் அப்படிப்பட்டவர் அல்லர்.

ஆய்வேட்டுக்காக வந்த மாணவி

மாஸ் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் கடற்கரையில் வளர்ந்தவர், அலைச்சறுக்கில் நாட்டமுள்ளவர், கடற்கரை உயிர்காப்பாளராகப் பணியாற்றியவர். சான் லூயிஸ் ஒபிஸ்போவிலுள்ள கலிபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியங்கியல் படித்துக்கொண்டிருந்த அவர், ஏபிசி தொலைக்காட்சியின் விளையாட்டு நிகழ்ச்சியில் அயர்ன்மேன் போட்டியைப் பார்த்துவிட்டு, அதற்குப் பயிற்சி செய்வதையும் அதில் பங்கேற்பதையுமே தம் இறுதியாண்டு ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொண்டார். ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்கு உட்பட்ட உடலும் அவருடையதே. முடித்தால் போதும் என்ற எண்ணத்துடன்தான் கோனாவுக்குச் சென்றதாகப் பின்னாளில் அவர் பலமுறை கூறியிருக்கிறார்.

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் செய்தி இதுதான். முடிப்பதற்காகத் திட்டமிட்ட ஒருவர் போட்டியின் நடுவில் தாம் முன்னிலையில் இருப்பதை அறிகிறார். அந்தக் கணத்திலிருந்து ஓட்டத்தின் நோக்கம் மாறுகிறது, ஆனால் உடலிலுள்ள இருப்பு மாறுவதில்லை. மாரத்தான் பகுதியில் அவர் பெண்களின் முன்னணியில் ஓடினார். தொலைக்காட்சிக் குழு அவரைப் பின்தொடர்ந்தது. வெல்ல வேண்டும் என்ற ஆசை தமக்குள் எழுந்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வெற்றி பெறத் தயாரித்து வந்தவருக்கு முன்னிலையில் இருப்பது எதிர்பார்த்த ஒன்று. எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது, எந்த உணவு நிலையத்தில் நின்று குடிப்பது என்பதை அவர் முன்கூட்டியே முடிவு செய்திருப்பார். முதல்முறை வருபவருக்கோ முன்னிலை என்பது, நடந்தால் தவறு, நின்றால் இழப்பு என்ற நெருக்கடியாகவே வந்து சேரும்.

இருப்பும் செலவும்

மனித உடலில் உடனடி எரிபொருளாகப் பயன்படும் மாவுச்சத்து, கிளைகோஜன் என்னும் வடிவில் தசைகளில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரையும் கல்லீரலில் 100 கிராம் அளவிலும் இருக்கும். மெலிந்த உடலுள்ள பெண்ணுக்கு இது இன்னும் குறைவு. கிராமுக்கு 4 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 2000 கிலோகலோரியை ஒட்டி நிற்கும். முழு அயர்ன்மேன் தூரத்திற்கு ஆகும் செலவோ, உடல் எடைக்கும் வேகத்திற்கும் ஏற்ப 7000 முதல் 10,000 கிலோகலோரி. பற்றாக்குறையில் பெரும்பகுதியைக் கொழுப்பு ஈடுகட்டும். மெலிந்தவரிடமும் 8 கிலோ கொழுப்பு இருக்கும் என்றால், அதிலுள்ள ஆற்றல் 70,000 கிலோகலோரியைத் தாண்டும். ஆனால் கொழுப்பு மெதுவாக எரிவது. வேகம் கூடக்கூட உடல் மாவுச்சத்தையே அதிகம் கேட்கும். குதிர் நிறைய நெல் இருந்தும் உலையில் போட அரிசி இல்லாத வீட்டின் நிலை அது.

வெளியிலிருந்து உட்கொள்வதற்கும் எல்லை உண்டு. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்கே உறிஞ்சிக் கொடுக்கும். வேறொரு வழியாக உறிஞ்சப்படும் ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரையையும் கலந்தால் 90 கிராம் வரை செல்லலாம் என்பது பின்னர் வந்த அறிவு. மணிக்கு 60 கிராம் என்று கணக்கிட்டாலும், 11 மணி நேரத்தில் உள்ளே போவது 2600 கிலோகலோரி சொச்சம்தான். அதையும் சைக்கிள் பகுதியிலேயே பெரும்பாலும் உட்கொண்டுவிட வேண்டும். கடும் உழைப்பின்போது குடலுக்குச் செல்லும் இரத்தம் பெருமளவு குறைந்து தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுவதால், மாரத்தானின் பின்பகுதியில் வயிறு எதையும் ஏற்க மறுக்கும். அந்த நாளின் இறுதியில் தம் குடல் தம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனதையும் மாஸ் மறைக்காமல் பேசியிருக்கிறார். அப்படிப்பட்ட கட்டத்தில் ஒருவருக்கு இனிப்பு நீரைக் கொடுத்து மீட்டுவிடலாம் என்று எண்ணுவது வீண். மாலையில் ஏற்பட்ட குறை, நண்பகலுக்கு முன்பே சைக்கிளின்மேல் விதைக்கப்பட்டதாகவே இருக்கும்.

இதையெல்லாம் மாஸ் அறிந்திருக்க வழியில்லை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1924-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், மிகவும் சோர்ந்து வெளிறி வந்தவர்களின் இரத்தச் சர்க்கரை மிகக் குறைந்திருந்ததைக் கண்டு எழுதினர். அடுத்த ஆண்டே, ஓட்டத்தின் நடுவில் மிட்டாய் கொடுத்து அதைத் தடுக்க முடிவதையும் காட்டினர். 1960-களில் ஸ்வீடனில் ஜோனாஸ் பெரிஸ்ட்ரோமும் எரிக் ஹல்ட்மனும் தசையில் ஊசி செலுத்தி மாதிரி எடுத்து, கிளைகோஜன் தீர்வதற்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பை நிறுவினர். ஆனால் ஆய்விதழில் இருக்கும் அறிவுக்கும் சாலையோர மேசையில் இருக்கும் பண்டத்துக்கும் நடுவே நெடுந்தூரம். நீடித்த சைக்கிள் உழைப்பின்போது மாவுச்சத்து கொடுத்தால் பயிற்சி பெற்ற வீரர்கள் மூன்று மணி நேரத்தில் சோர்வதற்குப் பதிலாக நான்கு மணி நேரம் தாங்குகிறார்கள் என்று எட்வர்ட் காயிலும் உடனிருந்தோரும் வெளியிட்டது 1986-இல். பவர்பார் என்னும், வீரர்கள் உண்ணும் ஆற்றல் கட்டி கடைக்கு வந்ததும் அதே ஆண்டில். மாஸ் ஓடியது அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. தண்ணீரும் நிறைய மனத்திடமும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருந்த காலத்தில்.

விழுந்தது எது, தாங்கியது எது

படப்பதிவில் தெரியும் அறிகுறிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் ஓட்டம் நடையாகிறது, நடை தள்ளாடுகிறது, முழங்கால்கள் பூட்டு விட்டதுபோல் மடங்குகின்றன. விழுந்தவர் தரையில் கைகளை அகல ஊன்றி, பின்புறத்தை முதலில் உயர்த்தி, அதன்பின் உடலை நிமிர்த்த முயல்கிறார். நிமிர்ந்த சில நொடிகளில் மறுபடியும் சரிகிறார். ஆனால் முடிவுக்கோடு எந்தப் பக்கம் என்பது அவருக்குத் தெரிகிறது. தூக்க நீளும் கைகளை ஒதுக்குகிறார். பிறர் தாங்கினால் தகுதி போய்விடும் என்பது நினைவில் இருக்கிறது. ஆகவே அவருடைய மூளை இயங்கிக்கொண்டிருந்தது, கால்கள் இயங்கவில்லை என்பதே முதல் முடிவு.

கடும் வெப்பத்தாக்கத்திலும், இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையும்போதும், இரத்தச் சர்க்கரை மிகவும் சரியும்போதும், நினைவுக் குழப்பம் முன்னால் வந்து நிற்கும், திசை தவறும், பேச்சு குழறும். மாஸிடம் இவற்றின் சாயல் அறவே இல்லை என்று படத்தை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் சொல்லத் துணிய மாட்டார். ஆயினும் காட்சியில் மேலோங்கி நிற்பது தசையின் தோல்விதான். நீரிழப்பும் உடன் இருந்தது. அன்றைய செய்திகளும் அவருடைய சொற்களும் அதையே கூறுகின்றன. நீரிழப்பினால் இரத்தத்தின் கன அளவு குறைந்த நிலையில், எழுந்து நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும். ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும்; நடை தளர்ந்ததும் அந்த உதவி நின்றுவிடும். தலைக்கு இரத்தம் குறையும், உடல் சரியும், தரையில் கிடந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வர, தெளிவு திரும்பும். உடனே எழ முயல்வார். மீண்டும் அதே சுழற்சி. விழுவதும் எழுவதும் மாறி மாறி நடந்ததற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது.

தவழ்ந்ததற்கும் ஓர் உடலியல் விளக்கம் உண்டு என்று நான் கருதுகிறேன். தசையில் உள்ள கிளைகோஜன் அந்தத் தசைக்கே உரியது. அதை மீண்டும் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுவதற்குத் தேவையான நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. பெரிஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் 1966-இல் ஒற்றைக் காலால் மட்டும் சைக்கிள் மிதிக்க வைத்துச் செய்த சோதனையில், உழைத்த காலில் மட்டுமே கிளைகோஜன் தீர்ந்தது. ஓய்விலிருந்த கால் நிறைவாகவே இருந்தது. மாஸின் தோள்களும் கைகளும் காலையில் கைலுவா விரிகுடாவில் நீந்திய பிறகு ஏறத்தாழ பத்து மணி நேரம் பெரிய உழைப்பு எதுவும் செய்யவில்லை. தொடைகளோ 180 கிலோமீட்டர் மிதித்து 42 கிலோமீட்டர் ஓடி வந்தவை. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைத் தாங்கி நீண்டு சுருங்கி இழைகள் கிழிந்தவை. கடைசி மீட்டர்களை அவர் கைகளை ஊன்றிக் கடந்ததில், எஞ்சியிருந்த இருப்பு எங்கே இருந்ததோ அங்கிருந்து எடுத்துச் செலவிட்டார் என்றே சொல்லலாம். அத்துடன் தலை இதய மட்டத்திலேயே இருந்ததால் மயக்கமும் தவிர்க்கப்பட்டது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, இப்படிச் சரியும் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையிலான நிலைகளைக் கடப்பதைக் காட்டியது: கால்களை இழுத்து நடந்து தலை முன்னே தொங்குவது, இடுப்பிலிருந்து உடல் முன்னே வளைவது, கைகளும் முழங்கால்களும் ஊன்றித் தவழ்வது, கடைசியில் முழங்கைகளும் முழங்கால்களுமாக ஊர்வது. மூளைக்குச் செல்லும் இரத்தத்தைக் காக்க உடல் தானே மேற்கொள்ளும் ஏற்பாடாக இவை இருக்கலாம் என்பது அக்கட்டுரையாளர்களின் கருத்து. தவழ்தலை வெறும் மனவுறுதியின் சின்னமாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இது அனுபவமின்மையால் மட்டும் வருவது என்று எண்ணுவதற்கும் இடமில்லை. கோனாவில் பலமுறை வென்ற பவுலா நியூபி-ஃப்ரேசர் 1995-இல் முன்னிலையில் ஓடி வந்து, முடிவுக்கு முன் சில நூறு மீட்டரில் நிலைகுலைந்தார். கேரன் ஸ்மையர்ஸ் அவரைக் கடந்து வென்றார். துரத்தி வந்தவர் நெருங்கிவிட்ட அவசரத்தில் கடைசி உணவு நிலையங்களை அவர் நிற்காமல் தாண்டியிருந்தார். ஏறத்தாழ 20 நிமிடம் சாலையில் கிடந்து தேறிய பின் நடந்துவந்து நான்காம் இடத்தில் முடித்தார். 1997-இல் சியான் வெல்ச்சும் வெண்டி இங்க்ரஹாமும் நான்காம் இடத்திற்காக ஒருவரையொருவர் ஒட்டித் தவழ்ந்தனர், இங்க்ரஹாம் முந்தினார். இவர்கள் அனைவரும் தொழில்முறை வீராங்கனைகள். நியூபி-ஃப்ரேசர் செய்தது மட்டும் மாறுபட்டது. விழுந்ததும் எழ முயன்று போராடாமல் படுத்துவிட்டார், காலணிகளைக் கழற்றினார், குடித்தார், உடல் தேறும் வரை காத்திருந்தார். பார்ப்பதற்கு அதில் வீரம் தெரியாது. ஆனால் அந்த நிலையில் செய்யத்தக்க அறிவார்ந்த செயல் அதுதான் என்பேன். பின்னால் ஒருவர் துரத்தி வந்துகொண்டிருக்கும்போது மாஸிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா என்றால், இல்லை.

வென்றவர்

கேத்லீன் மெக்கார்ட்னியும் கல்லூரி மாணவிதான். மாரத்தான் பகுதியில் மாஸுக்கும் தமக்கும் இருந்த இடைவெளியை அடிக்கு அடி குறைத்துக்கொண்டு வந்தவர் அவர். போட்டி முடியும் இடமான, இருட்டிவிட்ட அலீஇ சாலையில், கூட்டமும் தொலைக்காட்சி விளக்குகளும் சூழ்ந்திருந்த இடத்தில், தரையில் கிடந்தவரைக் கடந்ததைக்கூட அவர் அறியவில்லை. தாம் இரண்டாவதாக வருவதாகவே எண்ணிக்கொண்டு கோட்டைக் கடந்தவருக்கு, முதலிடம் அவருடையது என்று பிறர் சொல்லித்தான் தெரிந்தது. இருக்கும் ஆற்றலைக் கடைசி அடி வரைக்கும் பங்கிட்டுக் கொண்டுவந்தவர் அவரே. நெடுந்தொலைவுப் போட்டியின் இலக்கணம் என்று எதையாவது எடுத்துக்காட்ட வேண்டுமானால், அவருடைய மாரத்தானைத்தான் காட்ட வேண்டும். ஆனால் பொதுநினைவில் அவருக்குக் கிடைத்த இடம் சிறியது. ஏபிசி இந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பியபோது மக்கள் மனத்தில் தங்கியது தவழ்ந்து வந்த உருவம் மட்டுமே.

அந்த ஒளிபரப்பின் விளைவு சிறியதன்று. அமெரிக்காவில் பலர் டிரையத்லான் என்ற ஒன்று இருப்பதையே அன்றுதான் அறிந்தனர், விண்ணப்பங்கள் பெருகின. குளிர்ப்பகுதிகளில் வசிப்போர் கோடையில் பயிற்சி செய்து வருவதற்கு வசதியாகப் போட்டி அக்டோபருக்கு மாற்றப்பட, 1982-ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு அயர்ன்மேன் போட்டிகள் நடந்தன. தொலைக்காட்சியில் மாஸைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்தவர்களில் மார்க் ஆலனும் ஒருவர். பின்னாளில் கோனாவில் ஆறுமுறை வென்ற அவர், சில காலம் மாஸின் கணவராகவும் இருந்தார். மாஸும் மெக்கார்ட்னியும் 2012-இல், முப்பது ஆண்டுகளுக்குப் பின், இருவருமாகக் கோனாவுக்குத் திரும்பி அதே தூரத்தில் பங்கேற்றனர்.

சுற்றி நின்றவர்கள்

எஞ்சியிருப்பது மருத்துவமும் விதியும் தொடர்பான கேள்வி. நீண்ட போட்டிகளில் சரிந்து விழுவோரைப் பற்றித் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்த பாகுபாடு ஒன்று உண்டு. முடிவுக்கோட்டைக் கடந்து நின்ற பின் விழுபவர்களில் பெரும்பாலோருக்கு, கால்களில் இரத்தம் தேங்கியதால் வந்த தற்காலிகச் சரிவுதான்; கால்களை உயர்த்திப் படுக்க வைத்தால் தேறிவிடுவார்கள். கோட்டுக்கு முன்பே, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுபவர் அப்படியல்லர். வெப்பத்தாக்கம், சோடியம் குறைவு, சர்க்கரைச் சரிவு, இதயக் கோளாறு என உயிருக்கு ஊறு விளைவிக்கும் காரணம் இருப்பதற்கு அங்கே வாய்ப்பு அதிகம். உடல் வெப்பத்தை மலக்குடல் வழியாக அளந்து, விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்து, பெயரும் இடமும் கேட்டு நினைவைச் சோதிக்கும் வரை, அவரைத் தொடர்ந்து ஓடுமாறு ஊக்குவிப்பது ஆபத்து. மாஸ் விழுந்தது கோட்டுக்கு முன்பு. இருந்தும் சுற்றி நின்ற கூட்டம் அவரை உற்சாகப்படுத்தியது. அன்று அது இயல்பான செயல். இன்று அதே காட்சி நடந்தால் ஒரு மருத்துவப் பணியாளராவது முழந்தாளிட்டு அவருடைய கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும்.

விதிகளோ இன்றும் இரண்டு திசையில் நிற்கின்றன. அயர்ன்மேன் நிறுவனத்தின் போட்டிவிதிகளில் ஓடுவதும் நடப்பதும் தவழ்வதும் அனுமதிக்கப்பட்டவை. அவை தவிர வேறு வகையில் நகரக் கூடாது. ஒலிம்பிக் தூரப் போட்டிகளை நடத்தும் உலக டிரையத்லான் அமைப்பின் விதிகளோ ஓட்டப் பகுதியில் தவழ்வதைத் தடை செய்கின்றன. முன்னதன்படி மாஸ் இரண்டாம் இடத்துக்கு உரியவர். பின்னதன்படி அவர் தகுதியிழந்தவர். கடைசி மீட்டர்களைத் தவழ்ந்து கடக்கும் உரிமையை ஒருவரிடமிருந்து பறிப்பது எனக்கு உடன்பாடில்லை. தம் தசைகளின் தோல்வியை அறிந்தே, தெளிந்த நினைவுடன் தவழ்பவருக்கு அந்த உரிமை இருக்கட்டும். ஆனால் அந்தத் தெளிவு இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டியவர் தவழ்பவரும் அல்லர், கைதட்டுபவரும் அல்லர். பந்தயத்தில் இருப்பவரை மருத்துவர் தொட்டுச் சோதித்தாலே அது பிறர் உதவியாகிவிடுமோ என்ற அச்சம் வீரர்களிடம் இன்னும் இருக்கிறது. சோதனை வேறு, உதவி வேறு என்பதைப் போட்டிக்கு முந்தைய நாள் கூட்டத்திலேயே ஏற்பாட்டாளர்கள் தெளிவாகச் சொல்லிவிடுவதும், கடைசி ஒரு கிலோமீட்டரில் முடிவுக்கோட்டுக்கு நிறுத்துவதைப் போலவே மருத்துவப் பணியாளர்களை நிறுத்துவதும் செய்யக்கூடிய காரியங்கள்தாம்.